ஜோடிகள் ஆற நேரம் ஏது என்று கேட்ட மச்சானுக்கு

அன்பு மச்சான் தாமோதரனுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உன் மகள் மாலா பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறாள் என்று நந்திதுர்க் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் போன்ற தங்கச் சுரங்கப் பென்ஷன்காரர்களுக்கு விளக்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? குறைகடத்திப் படிகத்தில் ஒளி பட்டால் ஓர் எலெக்ட்ரான் எழும்பிப் போகும். அதுவும், அது விட்டுப்போன காலியிடமும் ஒன்றையொன்று ஈர்த்து ஜோடியாகத் திரியும். அந்த ஜோடிதான் எக்சிட்டான். தனி எலெக்ட்ரான் தன் இடத்தில் இன்னொன்றை உட்கார விடாது. ஜோடிகளுக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. நன்றாகக் குளிர்ந்தால் ஏராளமான ஜோடிகள் ஒரே நிலையில் கூடி, ஒன்றுபோல் நடக்கும். அதைப் போஸ் செறிவு என்பார்கள். ஆனால் எலெக்ட்ரான் காலியிடத்தில் திரும்ப விழுந்துவிட்டால் ஜோடி ஒளியாகி மறைந்துவிடும், கண் இமைப்பதற்குள்.

அப்போதுதான் நீ கேட்டாய்.

"இன்னா மாமா, கடைசி லெவல்ல ஷிப்ட் முடிச்சி மேல வந்தா எங்களுக்கே வேர்வ அடங்க அரை மணி ஆவும். வெளிச்சம் பட்டுப் பொறந்தது சூடாத்தான இருக்கும்? ஒடனே சாவுற ஜோடி எப்ப ஆறி, எப்ப ஒண்ணா சேரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைச் சொல்லாமல், "சுரங்கத்த வுட்டு வெளிய வா மச்சான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. வகுப்பில் முப்பது வருஷம் "கேளுங்க, கேளுங்க" என்று சொன்னவன் நான்.

போன வாரம் மாலா வந்தபோது உன் கேள்வியை மட்டும் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா கேட்டதோடதான் மாமா நாங்க தினமும் மல்லுக்கட்டுறோம்" என்றாள்.

எலெக்ட்ரானை ஒரு மெல்லிய அடுக்கிலும் காலியிடத்தை இன்னொன்றிலும் நிறுத்தி, நடுவில் ஒரு தடுப்பு வைக்கிறார்களாம். ஈர்ப்பு அப்படியே இருக்கும், சேர்வதுதான் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் ஜோடி தன் சூட்டைப் படிகத்திடம் கொடுத்து ஆறுகிறது. ஆறியவை உண்மையிலேயே ஒன்றாகிவிட்டன என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? வருகிற ஒளியைப் பார்த்து, என்கிறாள். அந்த ஒளியும் சில சமயம் ஏமாற்றுமாம். நீ இருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பாய்?

"என்கிட்ட ஏன் அப்பா கேக்கவே இல்ல?" என்றாள் மாலா.

நான் உன்னைப் பார்த்து எல்லோரையும் சிரிக்கவைத்த கதையைச் சொல்லி, அதுதான் காரணம் என்றேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வருகிற ஞாயிறு அதே வாசகசாலையில், அன்று சிரித்தவர்கள் முன்னால் எழுந்து நின்று உன் கேள்வியை உன் பெயரோடு சொல்வேன். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை என்பதையும் சொல்வேன். பதிலை மாலா சொல்ல வருகிறாள்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன்,
உன் வாத்தியார் மாமா