ஓடக்காரன் பிட்டன் நடுகல் விண்ணப்பத்துக்கு மறுமொழி

மழை பொய்யாது பெய்க. ஏரிக்கரைகள் உடையாது நிற்க.

நெடுங்கரை நாடுடைய பெருமான் அருவிக்கோ மாறவேளின் ஆணையைத் தலைமேற்கொண்டு, ஏரி வாரியத்துப் பேரமைச்சனும், ஆயிரம் மதகுக் காவலன் என்னும் பட்டம் பூண்டவனும், அரசவையில் மூன்றாம் இருக்கை உடையவனும், பொறியறி சாலையில் தன் ஆண்டின் முதல் மாணாக்கனாகத் தேறியவனுமாகிய ஆழிக்குடி ஆதன் நம்பி விடுத்த ஓலை. மேற்படி சாலையின் தலைமைப் பேராசான், ஏட்டிலக்கணச் செம்மல், மதியூர் நன்னாகனார் காண்க.

தங்கள் சாலையும், அதன் நூறு தூண்களும், ஓலை நறுக்கும் கத்திகளும், ஏடு கட்டும் சிவப்பு நூலும், ஓரம் அளக்கும் பித்தளைக் கோலும் நலமாயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வேந்தர் நலம், பட்டத்து யானை நலம். யானும் நலமே, இடக்காலில் உள்ள நான்கு சிறு புண்களைத் தவிர. அவற்றின் காரணம் இவ்வோலையில் பின்னர் வரும்.

தாங்கள் ஒரே ஓலைக்கட்டாக விடுத்த இரண்டு விண்ணப்பங்களும், அவற்றுக்குச் சான்றாக வண்டியில் ஏற்றி அனுப்பிய பதினேழு நிறைவேடுகளும் வந்து சேர்ந்தன. இவ்வோலை சாலை முற்றத்தில் வாசிக்கப்படும்போது இளமாணாக்கரும் கேட்பராதலால், விண்ணப்பங்கள் இன்னவை என்று அவர்கள் பொருட்டு மீண்டும் சொல்லுகிறேன்.

கோளூர்ப் பேரேரியில் புதிய கல்மதகு கட்டவேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். அதன்பொருட்டு ஆண்டுக்கொரு இறுதியாண்டு மாணாக்கர் அங்கே சென்று, பழைய மதகின் நீர்வரைக் குறியிலிருந்து சேற்றுக்கு அடியிலுள்ள கெட்டிநிலம் வரை எத்தனை முழம் என்று அளந்து, நிறைவேடு எழுதித் தேர்ச்சி பெறுகிறார். இவ்வாறு சென்ற பதினேழு பேரையும் தன் ஓடத்தில் ஏற்றிச் சென்றவன் பிட்டன் என்னும் ஓடக்காரன் என்றும், சென்ற ஆண்டு அவன் காலமாகிவிட்டான் என்றும், கல்விக்கு அவன் ஆற்றிய தொண்டின் நினைவாகக் கோளூர்க் கரையில் நடுகல் நாட்ட வேண்டும் என்றும், கல் செதுக்கி முடிந்தமையால் நாள் குறித்துத் தரவேண்டும் என்றும் முதல் விண்ணப்பத்தில் கேட்டிருந்தீர்கள்.

இரண்டாவது, இவ்வாண்டு சென்ற மாணாக்கி, வெண்குறிச்சி உப்பு வணிகர் மகள் எயினி என்பாளைப் பற்றியது. பதினேழு ஏடுகளும் ஒரே குரலில் பதினொரு முழம் என்று கூற, இவள் ஒருத்தி மட்டும் பத்தொன்பது என்று எழுதியிருக்கிறாள். தை முழுமதியில் பதினொரு முழத்தில் அடிக்கல் நாட்ட நாளும் குறித்தாகிவிட்டது. எனவே அவள் ஏட்டைத் தள்ளி, தேர்ச்சியை மறுத்து, ஊருக்கு அனுப்பிவிட்டதாகவும், அதனை வாரியம் உறுதிசெய்ய வேண்டும் என்றும் வேண்டினீர்கள்.

அவள் ஏட்டில் தாங்கள் கண்ட குற்றங்களை வியந்து படித்தேன். நான்கு விரல் ஓரம் விடவேண்டிய இடத்தில் அவள் இரண்டு விரலே விட்டிருக்கிறாள். அரசர் வாழ்த்து, அமைச்சர் வாழ்த்து, பேராசான் வாழ்த்து, பேராசானின் பேராசான் வாழ்த்து என்று பதின்மூன்று ஓலை செல்லவேண்டிய முகப்பு அவளிடம் அரை ஓலையில் முடிந்துபோகிறது. முடிவு முடிவில் வரவேண்டியிருக்க, முதல் ஓலையின் முதல் வரியிலேயே, கெட்டிநிலம் பத்தொன்பது முழத்தில் உள்ளது, பதினொன்றில் மதகு வைத்தால் சேற்றில் அமிழும் என்று எழுதி, தேடிக் களைத்துப்போகும் பேற்றைப் படிப்பவருக்கு இல்லாமல் ஆக்கியிருக்கிறாள். அளக்கப்பட்டது என்று அடக்கமாகச் சொல்லாமல் அளந்தேன் என்று சொல்லுகிறாள். முன்னோர் ஆய்வு என்னும் இயல் நாற்பது ஓலைக்குக் குறையலாகாது என்பது விதி. அவள் எழுதியிருப்பது ஒரு வரி: முன்னோர் ஏடு பதினேழையும் படித்தேன், அவை ஓர் ஏடே.

இதனைச் செருக்கு என்றீர்கள். யானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பிறகு அந்தப் பதினேழையும் படித்தேன்.

ஓரத்தில் குறை சொல்ல இடமேயில்லை. பதினேழு ஏட்டிலும் நான்கு விரல், மயிரிழை பிசகவில்லை. மூல ஏட்டில் ஈ செத்து ஒட்டியிருந்தால் ஓர் ஈயைத் தேடிப் பிடித்து, அடித்து, அதே இடத்தில் ஒட்டிவைக்கும் பக்தியோடு படியெடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் ஏட்டில், இது முற்றும் என் சொந்த முயற்சி என்னும் உறுதிமொழியின் கீழே எட்டாம் ஆண்டு மாணாக்கரின் பெயரே இருக்கிறது. ஏரி வறண்டு அதன் நடுவில் ஆடு மேய்ந்த ஆண்டிலும் பிட்டன் ஓடம் செலுத்தியிருக்கிறான்.

ஆனால் தங்கள் மாணாக்கர் சொந்தமாகச் சிந்திப்பதில்லை என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. முதல் ஏட்டில், ஓடம் தந்த பிட்டனுக்கு நன்றி என்று ஒரு வரிதான். இரண்டாம் ஏட்டில் அவன் முதுபெரும் ஓடக்காரன் ஆகிறான். நான்காம் ஏட்டில் அவனுக்கு மனைவி வருகிறாள், அயிரைக் குழம்பு வைத்துக் கொடுக்கிறாள். ஏழாம் ஏட்டில் புயலிலிருந்து மாணாக்கர் மூவரைக் காக்கிறான், ஆண்டுக்கு ஒருவர்தான் செல்வது என்றாலும். பதினோராம் ஏட்டில் அவன் வலக்கையை முதலை கவ்விக்கொண்டு போகிறது; பன்னிரண்டில் இரு கையாலும் துடுப்பு வலிக்கிறான். சென்ற ஆண்டு எட்டு விருத்தங்களில் அவன் இறந்துபோகிறான், படித்தபோது எனக்கே கண் கலங்கியது. இப்படி நன்றியுரை ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே போக, பதினொரு முழத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

எயினியின் ஏட்டிலும் பிட்டன் வருகிறான், நான்காம் ஓலையில். ஓடம் வேண்டி அவனைத் தேடியதாகவும், கரையிலுள்ள மூன்று ஊர்களிலும் அப்பெயருடையார் எவரும் இருந்ததில்லை என்று அறிந்ததாகவும் அவள் எழுதுகிறாள். அங்கே வலை வீசிப் பிழைக்கும் நீலி என்பவள், தாமரைக்கொடி பின்னிக்கிடக்கும் அவ்வேரியில் தன் தாய் காலத்திலும் ஓடம் ஓடியதில்லை என்று கூறினாளாம். ஆகவே வாழைத்தண்டில் தெப்பம் கட்டி, நீலி கரையிலிருந்து கயிறு பிடிக்க, இரும்புப் பூண் இட்ட மூங்கிலை மூன்று நாள் இறக்கி அளந்ததாகச் சொல்லுகிறாள். அவளுடைய நன்றியுரை முழுவதும் இவ்வளவே: கயிறு பிடித்தவள் நீலி.

பேராசானே, பிட்டன் என்பது எங்கள் வீட்டு வண்டிமாட்டின் பெயர்.

முதல் ஏடு என்னுடையது என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் ஏடு தங்களுடையது என்பதை யானும் மறக்கவில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு முன் கோளூர்க் கரைக்குச் சென்றேன், வண்டியிலிருந்து இறங்கினேன், நீரில் அட்டைகளைக் கண்டேன், நின்றுவிட்டேன். பத்து முழம் என்றால் அளக்காமல் எழுதியது போலத் தோன்றும் என்று பதினொன்று என்று எழுதினேன். உதவிய தொழிலாளர் ஒருவருக்கேனும் நன்றி கூறாத ஏடு ஏற்கப்படாது என்பது சாலை விதியாதலால் ஓர் ஓடக்காரனை உண்டாக்கினேன். அவனுக்குப் பெயர் தேடியபோது எதிரே அசைபோட்டுக்கொண்டு நின்றது பிட்டன். ஓரம் மிகச் செம்மையாக இருந்ததால் முதல் மாணாக்கனாகத் தேறினேன்.

ஆக, தாங்கள் நடுகல் நாட்டவிருப்பது ஒரு மாட்டுக்கு. அது நல்ல மாடு, நடுகல் பெறத் தகுந்தது. ஆனால் அதற்கு அளக்கத் தெரியாது.

நகையாடி எழுதுகிறேனே அன்றி, உள்ளத்தில் நகை இல்லை. அந்த மதகுக்குக் கீழே ஏழு சிற்றூர்கள் உள்ளன. பதினொரு முழத்தில் வைக்கும் கல் சேற்றின்மேல்தான் அமரும். இரண்டு கோடை தாங்கும், மூன்றாம் மழையில் சாயும், அதனோடு கரையும் போகும். இது தெரிந்தும் தங்கள் கட்டினை ஒன்பது நாள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். பதினேழு ஏட்டுக்கு எதிரே ஓர் ஏடு, அவளைத் தள்ளியது சரி என்று ஒரு சொல் எழுதினால் என் பெயர் பிழைக்கும் என்று எண்ணினேன். அதனை எழுத எழுத்தாணியும் எடுத்தேன். இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது.

என் கையைத் தடுத்தது தாங்களே எழுதிய ஒரு வரி. பத்தொன்பதைப் பதினொன்றாகத் திருத்தினால் தேர்ச்சி தருவதாகத் தாங்கள் சொன்னபோது, ஏட்டைத் திருத்த எழுத்தாணி போதும், நிலத்தை மேலே தூக்க அது போதாது என்று எயினி விடையிறுத்ததாகக் குற்றப்பட்டியலின் கடைசியில் குறித்திருந்தீர்கள். தேர்ச்சி இல்லாமல் உப்பு மூட்டைகளுக்கு நடுவே போய் உட்காரத் துணிந்தவள் அவள். மூன்றாம் இருக்கையில் அமர்ந்திருப்பவன் நான்.

பத்தாம் நாள் கோளூர் சென்றேன். தெப்பம் கட்டினேன், நீலி கயிறு பிடித்தாள், மூங்கிலை இறக்கினேன். பத்தொன்பது முழமும் ஒரு சாணும். அட்டைகள் பதினேழு ஆண்டு காத்திருந்த கடனை நான்கு இடத்தில் தீர்த்துக்கொண்டன. இந்த ஏரியை அளக்க இதுவரை நீரில் இறங்கியவர் இருவரே என்றும், அவருள் முதலில் இறங்கியவள் அலறவில்லை என்றும் நீலி பணிவோடு தெரிவித்தாள்.

அனைத்தையும் வேந்தர் திருமுன் சொல்லிவிட்டேன். பெருமான், ஏன் பன்னிரண்டு என்று எழுதவில்லை என்று வினவினார். பின்னர், அமைச்சனாயிருக்கத் தேர்ச்சி கட்டாயமில்லை, மதகு கட்டத்தான் கட்டாயம் என்று அருளி, முறையாகத் தேறிவிட்டு வருமாறு பணித்தார். இனி வருவது அவர் ஆணை.

தை முழுமதிக்கு அடிக்கல் இல்லை. எயினியின் ஏடு இரண்டு விரல் ஓரத்தோடும் அரை ஓலை முகப்போடும் உள்ளபடியே ஏற்கப்படுவதாக. மதகின் அடித்தளம் அவள் சொல்லும் ஆழத்திலேயே இடப்படும், அதனை மேற்பார்க்கும் பொறுப்பும் அவளுக்கே. பதினேழு ஏட்டின் ஆசிரியரும், அவருள் பலர் இன்று பல ஏரிகளுக்குக் கண்காணிகளாக இருப்பினும், தங்கள் தேர்ச்சியை ஒப்படைத்துவிட்டுக் கோளூர் சென்று அளந்து வருக. தேர்வாளர் எயினி. தாங்கள் இரண்டாவதாகச் செல்லலாம். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு நல்லது.

இனி நிறைவேடு எழுதுவோர், கண்டது இன்னது என்பதை முதல் ஓலையில் எழுதுக. எப்படிக் கண்டார், எந்நாளில், எந்தக் கருவியால், எத்தனை முறை என்பது அடுத்து வருக. எங்கே தவறினார், எதனை இன்னும் அறியார் என்பதற்கும் ஓர் இயல் இருக்க வேண்டும். அதில் ஒன்றும் இல்லை என்று எழுதுபவரை மறுநாளே ஏரிக்குத் திருப்பி அனுப்புக. முன்னோர் ஏட்டிலிருந்து எடுத்ததை எடுத்தேன் என்று சொல்லி எடுப்பது குற்றமன்று, ஆனால் எடுக்குமுன் அந்த முன்னோர் நீரில் இறங்கினாரா என்று கேட்க. வாழ்த்து ஒரு வரி போதும், வேந்தருக்கு வேறு வேலை உண்டு. நன்றி கூறப்படுவோர் அழைத்தால் வரக்கூடியவராக இருக்கட்டும். ஓரம் கரையானுக்குத் தேவையான அளவு விடுக.

நடுகல் வீணாக வேண்டாம். துடுப்புப் பிடித்த உருவத்தை அழிக்காமல் அதனைப் புதிய மதகருகே நாட்டி, அதன் கீழே இவ்வாறு பொறிக்க: இவன் இருந்ததில்லை. இவன் அளந்தது பதினொன்று. இருப்பது பத்தொன்பது.

கடைசியாக ஒன்று. என் நிறைவேட்டைப் புதிதாக எழுதி, இவ்வோலைக்கு முன்பாகவே வெண்குறிச்சிக்கு விடுத்தேன். நேற்று அது திரும்பி வந்தது. பின்புறம் எயினியின் கையெழுத்தில் நான்கு வரி இருந்தன. ஓர் இடத்தில் ஒரு முறை அளந்தது போதாது. மழைக்குப் பின் நான்கு மூலையிலும் மீண்டும் அளக்க. உதவியவர் பெயர் விடுபட்டுள்ளது. ஓரம் நன்று.

ஆதலின் இவ்வோலையின் முகப்பில், தேறியவன் என்று பழக்கத்தால் வந்துவிட்ட பட்டத்தை அடித்துவிட்டு வாசிக்க. ஏரி வாரிய முத்திரை இட்டேன். மீறுவோர் கோளூர் நீரில் இறங்கக் கடவர்.

ஆழிக்குடி ஆதன் நம்பி, பேரமைச்சன், தேர்ச்சி நிலுவை.

கயிறு பிடித்தவள் நீலி.