கலாவுக்கு ஒரு நாற்காலி

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகரவே இல்லை. கல்லூரிக்குத் தாமதம். பிரின்சிபால் கவனிக்கவில்லை; அவருக்கு வேறு கவலை. எம்.எட். படிப்பின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. அங்கீகாரம் போனால் அடுத்த வருடம் சேர்க்கை கிடையாது. இப்போது படிப்பவர்கள் கதி? யாருக்கும் தெரியவில்லை.

செய்ய வேண்டியவை: உளவியல் ஆய்வகத்தில் டியூப் லைட். பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் (எத்தனை முறை சொல்வது!). வீட்டுக்கு கேஸ்.

மாலையில் மீட்டிங். உளவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. மணிநேரக் கணக்கில் கலாதான் நடத்துகிறாள். முழுச் சம்பளம் கொடுக்க மனமில்லாத தாளாளர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார். மாதவரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவரை ஒரு நாளைக்கு வரவழைத்து, இவர்தான் உளவியல் ஆசிரியர் என்று காட்டுவது.

“பிள்ளையளுக்கு அவர் பேரைச் சொல்லிக் குடுத்துருங்கம்மா. அந்தக் கலாவ அன்னைக்கு லீவு போடச் சொல்லுங்க” என்றார் தாளாளர்.

துறைத்தலைவர் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

தாளாளர் சொன்னதை வகுப்பில் சொன்னேன். தேவி எழுந்தாள். வியாசர்பாடி, இரண்டு குழந்தைகள், பள்ளியில் அவர்களை விட்டுவிட்டு ஓடி வருபவள். செமினாரில் அச்சுத் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் வேறு.

“இன்னா மேடம் இது? மொத நாள்லேர்ந்து கலா மேடம்தான நடத்திகினு கீறாங்க? அவங்கள வூட்ல குந்த வெச்சிட்டு, மூஞ்சியே தெரியாத ஆள எங்க சார்னு சொல்ணுமா? நாளைக்கு நாங்க வாத்தியாருங்களுக்குப் பாடம் எடுக்கப் போறவங்க மேடம்.”

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “கம்முனு இருடி. சர்ட்டிபிகேட் வாணாவா?”

இரண்டுமே நியாயம்.

ஸ்டாஃப் ரூமில் கலா எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று நின்றேன். “தெரியும் மேடம். ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க” என்றாள். டப்பாவை மூடிவிட்டாள். பாதிச் சாதம் அப்படியே.

ஜூலை 16, புதன்

மழைத் தூறல். கல்லூரிக்குப் போகாமல் நேரே ராயபுரம், தாளாளரின் இரும்புக் கடைக்கு. போனில் பிரின்சிபாலிடம் சொன்னபோது தடுப்பார் என்று நினைத்தேன். “தனியா போகாதீங்க, நானும் வரேன்” என்றார். ஆச்சரியம்.

தாளாளர்: “கோர்ஸ் போச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்கிடுவியளாம்மா?”

“ஆள் இல்லைன்னா குறைன்னு எழுதுவாங்க சார். ஏமாத்தினோம்னு தெரிஞ்சா இழுத்தே மூடிடுவாங்க. கலா டாக்டரேட் முடிச்சவ. எல்லாத் தகுதியும் இருக்கு. நிரந்தர வேலைதான் இல்லை” என்றேன்.

நடுவில் ஒருவர் வந்து போல்ட் விலைக்குப் பேரம். அவர் போகும்வரை நின்றோம். பிறகு பிரின்சிபால், தாளாளரை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத மனிதர், மெதுவாகச் சொன்னார்: “அந்த ஆளை என் ஸ்டாஃப்னு நான் அறிமுகப்படுத்த மாட்டேன் சார்.”

தாளாளர் கல்லாப்பெட்டியைப் பூட்டினார். “சரி, அந்தப் புள்ளையே இருக்கட்டும். வேலை கீலை எல்லாம் பொறவு பாப்போம்.”

பாதி வெற்றி. வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம்.

ஜூலை 17, வியாழன்

மூன்று பேர் குழு. தலைவி சிரிக்காத அம்மாள். உளவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை என்று நானே சொன்னேன். புருவம் உயர்ந்தது. “அப்ப யார் நடத்தறாங்க?” கலாவைக் காட்டினேன். “இவங்க வகுப்பைப் பார்க்கணும்.”

பாடம்: தினமும் தாமதமாக வரும் குழந்தையை என்ன செய்வது. தண்டிக்கக் கூடாது என்றாள் கலா. தேவி விடவில்லை. “நேரத்துக்கு வர்ற பிள்ளைங்க என்ன நினைக்கும், மேடம்?” வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. வந்தவர்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எட்டிப் பார்க்க வந்த அம்மாள் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது: “நிரந்தர ஆள் இல்லாதது பெரிய குறைதான். எழுதத்தான் போறேன்.” பிறகு தாளாளரைப் பார்த்து, “இந்தப் பொண்ணை ஏன் சார் இன்னும் வெளியிலயே நிக்க வெச்சிருக்கீங்க?”

தாளாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை மறைக்க.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மெயில் வந்துவிட்டது! அங்கீகாரம் தொடரும். ஆனால் இந்தப் பருவம் முடிவதற்குள் உளவியல் பணியிடத்தை முறைப்படி நிரப்ப வேண்டும். வராந்தாவில் தேவி கத்தியது தெருவரை கேட்டிருக்கும்: “கோர்ஸு கீதுடி!”

தாளாளர் விளம்பரம் கொடுக்கச் சொல்லிவிட்டார். வேறு வழி? கலாவும் விண்ணப்பிக்க வேண்டும், மற்றவர்களோடு. பயப்படுகிறாள். நானும்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நல்ல வெயில். பாப்பாவுக்கு யூனிஃபார்ம் சின்னதாகிவிட்டது, வாங்கணும். நேர்காணல் முடிவு காலையில். கலாவைத்தான் எடுத்திருக்கிறார்கள். தாளாளரே வந்து ஆர்டரைக் கொடுத்தார். “நல்லா நடத்துதியாமே” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கலா அழவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம், “இப்ப எனக்குத்தானே மேடம் கிளாஸ்?” மணி அடித்தது. ஓடிவிட்டாள்.