பதினஞ்சாம் நம்பர் டோக்கன்

செப். 8, திங்கள்

மேகமூட்டம், லேசா குளிர். விடியக்காலைல சயனைடு மேட்டுல (தங்க மைன் கழிவு மண்ணு கொட்டிக் கொட்டி ஆன குன்று) ஏறிப் பழகப் போனேன். ஏறினது சரியாத்தான் ஏறினேன். எறங்கும்போது வழுக்கி, உக்காந்த வாக்குல கீழ வரைக்கும். பேண்ட்டுக்குப் பின்னாடி ஒரு சாண் கிழிசல். கீழ ரயிலுக்குப் போற பொம்பளைங்க நாலு பேர். அதுல ஒருத்தி டெய்லி நான் போற பெட்டிதான்.

"இன்னாண்ணே, இந்த வயசுல சறுக்குமரமா?"

துண்டைப் பின்னாடி தொங்க விட்டுக்கினு ஊரிகம் மைன் லைன் வீடு வரைக்கும் நடந்தேன். துண்டு சின்னது.

காரணத்தை எழுதி வைக்கணும். இல்லன்னா பின்னாடி படிக்கறப்ப எனக்கே பைத்தியம்னு தோணும்.

நேத்து யமுனா போன். என் பொண்ணு, வயசு 24, பெங்களூர்ல ஆபீஸ் வேலை. சனி ஞாயிறு ஆனா ஒரு ட்ரெக்கிங் கம்பெனிக்காக ஆளுங்களை மலைக்குக் கூட்டிக்கினு போறா. வர்ற சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. பதினஞ்சு பேரைத் தனியா ஏத்தி எறக்கணும். கம்பெனி ஆபீசர் ஒருத்தர் கூடவே வந்து பார்ப்பார். பாஸ் ஆனா உத்தராகண்ட் பக்கம் பனி மலையில ஆறு மாசம் வேலை. கடைசி நேரத்துல ஒருத்தன் வரலன்னுட்டானாம். பதினாலு பேருக்கு வண்டி கிளம்பாது.

"அப்பா, நீ வரியா?"

"நான் எதுக்கு?"

"பதினஞ்சாவது ஆளா."

கண்டிஷன் ரெண்டு. அவ அப்பன்னு யாருக்கும் தெரியக் கூடாது. பாப்பான்னு கூப்பிடக் கூடாது, மேடம்.

சரின்னுட்டேன். எங்கப்பா முப்பது வருஷம் பூமிக்குக் கீழ போய் வந்தவர். நான் மைன் டைம் ஆபீஸ்ல ஏழு வருஷம் டெம்பரவரி. கீழ போறவனுக்கு டோக்கன் குடுக்கறது, மேல வந்தவன் டோக்கனைக் கொக்கியில மாட்டினானான்னு பார்க்கறது. மைன் மூடினதும் பெங்களூர் ரயில் ஏறினவன், இன்னும் எறங்கல. எங்க பரம்பரையில தரைக்கு மேல போனவங்கன்னு யாரும் இல்ல.

செப். 9, செவ்வாய்

தொடை ரெண்டும் கல்லு. ரயில்ல உக்காந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உக்கார முடியல.

சாயங்காலம் களி கிண்டிக்கினே பொண்டாட்டி மல்லிகா (இனிமே ம.) ஒரு திட்டம் சொன்னா.

"பாதி மலையில நெஞ்சைப் பிடிச்சிக்கினு உக்காந்துடுங்க."

"எதுக்கு?"

"உங்களைத் தூக்கிக்கினு எறங்குவாங்க. அவளைப் பெயில் பண்ணிடுவாங்க. ஆபீஸ் வேலையோட இருப்பா, வாராவாரம் வீட்டுக்கு வருவா. அங்க பனியில விழுந்தா யாருங்க தூக்குறது?"

"எனக்கு நடிக்க வராது."

"எங்கம்மா வீட்டுக்குப் போலாம்னா மட்டும் உங்களுக்கு ஜுரம் வருமே, அது இன்னா?"

இருபத்தாறு வருஷமா தெரிஞ்சிருக்குது இவளுக்கு. ஒரு வார்த்தை சொன்னதில்ல.

தலையாட்டி வச்சேன். இது ம.வோட திட்டம், என்னுது இல்ல. எழுதி வச்சிடறேன்.

செப். 11, வியாழன்

தூறல். பக்கத்து வீட்டு சேகர் அவங்கப்பாவோட அண்டர்கிரவுண்ட் பூட்ஸ் குடுத்தான். பரண்ல இருந்தது. முன்னாடி இரும்பு, ஒண்ணொண்ணும் அம்மிக்குழவி கனம். "இது தேயவே தேயாதுண்ணே"ன்னான். தேயலதான். உள்ள கரப்பான் குடும்பம் ஒண்ணு, காலி பண்ண வச்சேன்.

ம. கட்டின மூட்டை: புளிசாதம். மிக்சர். தைலம். விபூதி. ஸ்வெட்டர். குடை. அட்டைப்பூச்சிக்கு உப்பு ஒரு பாக்கெட். இன்னொரு ஸ்வெட்டர் (மொதல் ஸ்வெட்டர் நனைஞ்சா).

கண்ணாடி முன்னாடி நின்னு நெஞ்சு வலி பழகினேன். ம. பார்த்தா.

"அது வயித்து வலிங்க. கையைக் கொஞ்சம் மேல வைங்க."

செப். 13, சனி. காலை

மலையடிவாரம், சிக்கமகளூர் பக்கம். மலை பேர் கன்னடத்துல நீளம், வாயில நுழையல. மழை விட்டுட்டுது. முன்னாடி பச்சை, மேல வெள்ளை, உச்சி எங்கன்னு தெரியல. தெரியாததும் நல்லதுக்குத்தான்.

எல்லாருக்கும் ஆரஞ்சு டி-ஷர்ட் குடுத்தாங்க. மூக்குக் கண்ணாடி வைக்க இடமில்ல, கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்கினேன். பாரெஸ்ட் செக்போஸ்ட் முன்னாடி வரிசையா நின்னப்ப பதினாலு பேர் ஆரஞ்சுப் பழம் மாதிரி, நான் பூசணி.

ஆபீசர் கன்னடக்காரர். நாப்பது வயசு, நல்லாத் தமிழ் பேசறார், ஆனா பேசறதே கம்மி. கையில ஒரு நோட்டு. பேர் சொன்னார், மறந்துட்டேன். நோட்டு சார்.

யமுனா பையிலிருந்து ஒரு பிளைவுட் பலகை எடுத்து செக்போஸ்ட் சுவத்துல மாட்டினா. பதினஞ்சு கொக்கி. ஆளுக்கு ஒரு நம்பர் டோக்கன். "மேல போறப்ப கையில இருக்கணும், எறங்கி வந்ததும் அவங்கவங்க கையால மாட்டணும். யாரும் தனியா நடக்கக் கூடாது, ஜோடி ஜோடியாத்தான்."

எங்க டைம் ஆபீஸ் போர்டு அது, அப்படியே, சின்னதா. அவ பொறந்த வருஷம் மைன் மூடிட்டாங்க. சோறு ஊட்ட நான் சொன்ன கதையிலதான் அவ அதைப் பார்த்திருப்பா.

என் நம்பர் 15. ஜோடி மைசூர்லேர்ந்து வந்த ஒரு பல் டாக்டரம்மா. என்னைப் பார்த்ததும் மொதல்ல பல்லைத்தான் பார்த்தாங்க.

அதே சனி. சாயங்காலம்

தங்கற வீட்டு வராந்தா. கால் வெந்நீர் பக்கெட்ல. நடந்ததை நடந்தபடியே எழுதறேன்.

மொத ஒரு மணி நேரம் நல்லா இருந்தது. நான்தான் முன்னாடி. சயனைடு மேடு வேலை செய்யுதுன்னு நினைச்சேன். காடு முடிஞ்சு புல்லு மலை ஆரம்பம். அட்டை ஏழு. உப்பு, மூட்டைக்கு அடியில, ரெண்டு ஸ்வெட்டருக்குக் கீழ. நான் தோண்டி எடுக்கறதுக்குள்ள அதுங்க சாப்பிட்டு முடிச்சுப் போயிட்டுதுங்க.

ரெண்டாவது வளைவு. ஒத்தையடிப் பாதை, பக்கத்துல பள்ளம். ம. சொன்ன பாதி மலை இதுதான். கை நெஞ்சு வரைக்கும் போச்சு. சரியான இடம், வயிறு இல்ல. அந்த நேரம் பார்த்து யமுனா திரும்பிட்டா.

"சார், இன்னா ஆச்சு?"

நோட்டு சார் பேனா மூடியைத் திறந்தார்.

முன்னாடி பாறை வழுக்கல்ல பதிமூணு பேர் அவ சொன்ன இடத்துல காலை வச்சு வச்சு ஏறிக்கினு இருந்தாங்க. எல்லாம் பெரிய பெரிய கம்பெனியில வேலை செய்யறவங்க. சொன்ன இடத்துல தான் வச்சாங்க.

"ஒண்ணுமில்ல மேடம். பாக்கெட்ல பேனா இருக்குதான்னு பார்த்தேன்."

ஒரு மாதிரி பார்த்தா. போயிட்டா.

உச்சி. மேகம் எங்களுக்குக் கீழ. டாக்டரம்மா பஞ்சு மாதிரி இருக்குன்னாங்க. எனக்கு ரேஷன் சர்க்கரை மூட்டை அவுந்து கொட்டின மாதிரி இருந்தது. புளிசாதம் பதினஞ்சு பேருக்கும் பத்திச்சு. ம. கணக்கு என்னிக்கும் தப்பாது.

எறங்கறதுல ஒண்ணும் இல்லன்னுதான் நினைச்சிக்கினு இருந்தேன். எங்க ஊர் ஆளுங்களுக்குக் கீழ போறது ஒரு வேலையே இல்ல. கேஜ்ல, அதான் மைன் லிப்ட்ல, ஏறி நின்னா அது பாட்டுக்குப் போகும். அதனால முழங்கால்ல இருந்த தெம்பையெல்லாம் ஏறும்போதே செலவு பண்ணிட்டேன்.

கால் மணி நேரத்துல வலது பூட்ஸ் சோல் கழண்டு வாயைப் பொளந்தது. சேகர் சொன்னது சரி, தேயல, உதிர்ந்துட்டுது. துண்டைக் கிழிச்சுக் கட்டினேன். கொஞ்ச தூரத்துல முழங்கால் 'டக்'னு ஒரு சத்தம். இந்த வலி நடிப்பு இல்ல. ம. பார்த்திருந்தா கைதட்டியிருப்பா.

இப்ப உக்காந்தா அவ பெயில். ம. கேட்டது தானா நடந்துடும், எனக்குப் பாவமும் இல்ல. ஆனா காலைல பலகையை மாட்டின முகத்தைப் பார்த்துட்டேனே.

பல்லைக் கடிச்சிக்கினு நடந்தேன். யமுனா முன்னாடிக்கும் பின்னாடிக்குமா ஓடிக்கினு இருந்தா. "சார், பரவால்லயா?" "பர்ஸ்ட் கிளாஸ், மேடம்." கடைசி கிலோமீட்டர் ஜீப் ரோடு, தூரத்துல செக்போஸ்ட் தெரியுது. மத்தவங்க போயிட்டாங்க. காலை ஊன முடியல.

அப்பதான் அந்த வேலை செஞ்சேன்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன். நீங்க நடங்க. இந்த டோக்கனையும் மாட்டிடுங்க."

ஒண்ணுக்குன்னா ஜோடி எதுக்கு நிக்கும். போயிட்டாங்க. பலகை நிறைஞ்சா நோட்டு சார் பாஸ் போட்டுடுவார், நான் மெதுவா நொண்டிக்கினு போய்ச் சேர்ந்துக்கலாம்னு கணக்கு. பாறைமேல உக்காந்து மிக்சர் தின்னேன்.

ரெண்டு வாய் போட்ட பிறகுதான் உறைச்சது. அடுத்தவன் டோக்கனை மாட்டறது எங்க மைன்ல கொலைக்கு அடுத்த குத்தம். பலகை நிறைஞ்சதுன்னா கீழ ஆள் இல்லன்னு அர்த்தம், ஆள் இல்லன்னா வெடி வைப்பாங்க. 'பிறர் டோக்கனைத் தொடாதே'ன்னு டைம் ஆபீஸ் சுவத்துல சிவப்புப் பெயிண்ட்ல எழுதினது யாரு? நான். ரெண்டு கோட் அடிச்சேன்.

பதினஞ்சு நிமிஷத்துல யமுனா மேட்டுல ஓடி வரா. பின்னாடி நோட்டு சார்.

"சார், உங்க டோக்கன் எங்க?"

"பலகையில, மேடம்."

"நீங்க எங்க?"

"இங்க."

"ஏழு வருஷம் டைம் ஆபீஸ்ல இருந்த ஆள் செய்யற வேலையா இது?" கத்தறா. கோவமா பயமான்னு தெரியல.

நோட்டு சார் கேட்டார். "இவர் டைம் ஆபீஸ்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் காப்பாத்தப் போனேன்.

"பஸ்ல பேசிக்கினு வந்தோம் சார். இல்ல, பாப்பா?"

நோட்டு சார் என்னவோ எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார்.

அவ முழங்காலுக்குக் கட்டுப் போட்டா. குச்சியைக் குடுத்தா. "வலது. குச்சி. இப்ப இடது. கீழ பார்க்காதீங்க சார், நான் சொல்ற இடம் போதும்." செக்போஸ்ட் வரைக்கும் நான் அவளுக்குச் சார்தான்.

செப். 14, ஞாயிறு

வெயில். பெங்களூர் வர்ற வழியில டீக்கடை. நோட்டு சார் என் பக்கத்துல வந்து உக்காந்தார்.

"பலகையில பதினஞ்சும் இருந்தது. டிரைவர் வண்டி எடுத்துட்டார். நானும் சரின்னுட்டேன். உங்க பொண்ணு மட்டும் எறங்கி தலையை எண்ணினா."

டீ குடிச்சார்.

"பலகையை மட்டும் பார்த்திருந்தா பெயில். எழுதிட்டேன், பாஸ். அந்த பூட்ஸை எங்கயாவது புதைச்சிடுங்க."

செப். 15, திங்கள்

லீவு. கால் தலைகாணி மேல. ம. தைலம் தேய்க்கறா.

"நெஞ்சைப் பிடிக்கச் சொன்னா முழங்காலைப் பிடிச்சிக்கினு வந்திருக்கீங்க."

"பாதி மலை எதுன்னு தெரியல."

தைலப் புட்டியை மூடி வச்சா. அப்புறம், "அங்க ராத்திரியில எவ்ளோ குளிருமாம்?" ரெண்டாவது ஸ்வெட்டரைத் தோய்க்கப் போட்டுட்டா.

சேகர் பூட்ஸ் கேட்டான். ஒண்ணரை இருக்குதுன்னேன்.

அக். 5, ஞாயிறு

காலைல தூறல், அப்புறம் விட்டுட்டுது. யமுனா இன்னிக்குக் கிளம்பினா.

போறதுக்கு முன்னாடி காலண்டர் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சா. "பதினஞ்சாம் நம்பர் என்கிட்ட. வந்து நானே மாட்டறேன். அதுவரைக்கும் இது காலியா இருக்கணும்." அவ பல் தேய்க்கப் போன நேரத்துல ம. அதுல குடையை மாட்டிட்டா. எடுத்தேன். மறுபடி பார்த்தா டீ வடிகட்டி. அதையும் எடுத்தேன். நல்ல ஆணி வீணாப் போவுதாம் அவளுக்கு.

ஊரிகம் ஸ்டேஷன். வண்டி லேட். ம. பிஸ்கட் வாங்கப் போனா.

"அப்பா, அன்னிக்கு ரெண்டாவது வளைவுல நெஞ்சுல கை வச்சியே."

"பேனா இருக்குதான்னு பார்த்தேன்."

"அந்த டி-ஷர்ட்டுக்குப் பாக்கெட்டே இல்லப்பா."

எதிர் தண்டவாளத்துல ஒரு ஆடு. அதைப் பார்த்தேன்.

"அம்மாவா, நீயா?"

"உங்கம்மாதான்."

சிரிச்சா. நம்பினாளான்னு தெரியல. வண்டி வந்துட்டுது. பை என்னால தூக்க முடியல, அவளே தூக்கிக்கினா. ம. பிஸ்கட்டோட ஓடி வந்து ஜன்னல்ல திணிச்சா, அழுதா, போன் பண்ணுன்னா, மறுபடி அழுதா. என் முறை வந்தது.

"சாக்ஸ் நனைஞ்சா உடனே மாத்திடு"ன்னேன்.

"சரி சார்"னா. வண்டி நகர்ந்தது.

சொல்லாதது: போவாதே, பாப்பா.