பன்னு மேடு

அன்புள்ள பன்னு,

நானும் அப்பாவும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று எழுத ஆசைதான், ஆனால் போன வாரம் வீடியோவில் பார்த்த உன் கழுத்தெலும்பு வேறு கதை சொல்கிறது. அது கிடக்கட்டும், எனக்கு இன்று தலைகால் புரியவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

துறைமுகத்துக்கு வெளியே நாங்கள் கடல் தரையை வரைபடமாக்குவது உனக்குத் தெரியும். வெறும் மணல் என்று நாங்கள் சொல்லும் இடத்தில் பெரிய கப்பல்களை நங்கூரம் போட விடப்போகிறார்கள், அங்கே பவளப்பாறை இருந்தால் சுக்குநூறாகிவிடும். புதன்கிழமை என் திரையில் மணலுக்கு நடுவே உருண்டையாக ஒரு மேடு எழும்பியது. நான் குதித்த குதியில் டீ கவிழ்ந்தது. தலைமை ஆய்வாளர் வந்தார், மேட்டைப் பார்க்காமல் ஓரத்தைக் காட்டினார். தட்டையான தரை இரண்டு பக்கமும் மேலே வளைந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஒலியை அனுப்பித்தான் ஆழம் பார்க்கிறோம், நீரின் சூட்டுக்கும் உப்புக்கும் ஏற்ப ஒலியின் வேகம் மாறும், அதைத் தினமும் காலையில் அளக்க வேண்டும். உன் அம்மா மகராசி முந்தின நாள் அளவையே வைத்து ஓட்டிவிட்டாள். தரையே சிரிக்கிறதே, மேட்டை மட்டும் யார் நம்புவார்கள் என்று அவர் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

வெள்ளிக்கிழமை வரைபடத்தைக் கொடுத்தாக வேண்டும். வியாழன் காலை படகோட்டியைக் கெஞ்சிக் கூத்தாடி அதே இடத்துக்குப் போனோம். ஒலியின் வேகத்தை அளக்கும் கருவியை இரண்டு தடவை இறக்கி அளந்துவிட்டு, தரையை மறுபடி பார்த்தேன். தரையின் சிரிப்பு போய்விட்டது, மேடு போகவில்லை! கயிற்றில் கேமராவை இறக்கினால் ஊதாவும் மஞ்சளுமாக உயிருள்ள பவளம், கல்யாண வீடு மாதிரி மீன் கூட்டம். தலைமை ஆய்வாளர் படகோட்டியைக் கட்டிக்கொண்டு ஆடினார். பேரில்லாத மேட்டை எவனாவது பிழை என்று அழித்துவிடுவான், சட்டென்று ஒரு பேர் சொல்லுங்கள் என்றார். சின்ன வயதில் உன் கன்னமும் அந்த மேடு மாதிரி பன்னாக உப்பித்தான் இருக்கும், பன்னு மேடு என்று வாயில் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் பன்னு என்று கூப்பிடக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கியது அப்புறம்தான் நினைவு வந்தது. அப்பாவிடம் சொன்னேன், மனிதர் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார்.

இன்று முடிவு வந்துவிட்டது. நங்கூர இடத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள், பன்னு மேட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டாயிற்று. இனி எத்தனை பெரிய கப்பலானாலும் உன்னைத் தொடாமல் விலகித்தான் போக வேண்டும். எங்களை விட்டுத் தூரத்தில் இருக்கும் உனக்கு அப்படி ஒரு கோடு போட என்னால் முடியவில்லையே என்று எத்தனையோ நாள் தவித்திருக்கிறேன், இங்கேயாவது போட்டுவிட்டேன்.

நூறாண்டு நன்றாக இரு. கோபம் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போன் பண்ணித் திட்டு.

உன் கன்னத்தைக் கிள்ள ஏங்கும்,
அம்மா