உருளைக்கிழங்கு மிஞ்சிய ஊர்

மச்சாள்,

நேற்று வேலையிடத்தில் சமையலறைக் கதவைத் திறந்தேன். பெரிய வாளி நிறைய உரித்த உருளைக்கிழங்கு தண்ணீருக்குள் வெள்ளை வெளேரென்று கிடந்தது. எங்கள் முதியோர் இல்லத்தில் பாதிப் பேருக்கு வயிற்றோட்டம். மத்தியானம் சாப்பிட ஆளில்லை. சமையல்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இதை இனி என்ன செய்வது என்று என்னைக் கேட்டாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. உருளைக்கிழங்கைக் கண்டு நெஞ்சு திக்கென்கிற பெண் இந்த ஒஸ்லோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் புண்ணியம் உங்களைத்தான் சேரும்.

திங்கட்கிழமைக்குள் நாங்கள் ஒரு முடிவு சொல்ல வேண்டும், மச்சாள். நீங்கள் இருந்திருந்தால் ஒரு போன் அடித்து, என்னைக் கட்டின உங்கள் தம்பியின் காதில் விழாமல் குளியலறைக்குள் நின்று கதைத்திருப்பேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

அதே கடைக் கதைதான். ஸ்வீடன் எல்லையைத் தாண்டியதும், ஒஸ்லோத் தமிழர் சனி ஞாயிறுகளில் இறைச்சியும் அரிசியும் வாங்கப் போகும் பக்கத்தில் இருந்ததே, அந்தப் பலசரக்குக் கடை. அன்றைக்கு அது விலைக்கு வந்தபோது, பஸ் ஓட்டுகிற வேலையை விட்டு, ரொம்சோஸில் நாங்கள் இருக்கிற வீட்டை ஈடு வைத்து, நான் எடுக்கிறேன் என்று உங்கள் தம்பி ஒற்றைக் காலில் நின்றார். நான்தான் குறுக்கே விழுந்து மறித்தேன். பிறகு ஒரு மட்டக்களப்புக்காரர் எடுத்தார். இப்போது ஸ்வீடன் காசின் மதிப்பு விழுந்து கிடக்கிறது. சனம் அள்ளுப்பட்டு அங்கே போகிறது. அவருக்குத் தனியாகச் சமாளிக்க முடியவில்லையாம். பங்குக்கு வருகிறாயா என்று இவரைக் கேட்டிருக்கிறார்.

"அண்டைக்கு நீர் மறிக்காட்டி" என்று இவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொன்னாலாவது நானும் நாலு சண்டை பிடிக்கலாம். தேத்தண்ணியைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். இவர் எப்போது கோப்பை கழுவினவர்? அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு நான் மறித்ததற்குக் காரணம் உங்கள் ஊர். யாழ்ப்பாணத்து ஊரைச் சொல்லவில்லை. நீங்கள் அகதியாக வந்து இறங்கி, கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வரும்வரை இருந்த அந்தச் சின்ன ஜெர்மன் ஊர். ஒல்லாந்து எல்லையில், ஆறென்று சொல்லவே வெட்கப்பட வேண்டிய ஒரு வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். "என்ரை டவுன்" என்று நீங்கள் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். உங்கள் தம்பி மெல்ல எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவார். அகப்படுவது நான்.

அப்படி அகப்பட்டு அகப்பட்டே அந்த ஊரின் சரித்திரம் முழுக்க எனக்குப் பாடமாகிவிட்டது. முதலில் பஞ்சாலைகள். ஊரில் பாதிப் பேர் நூல் நூற்றார்கள், மற்றப் பாதி நெய்தார்கள். ஆட்கள் போதாமல் துருக்கியிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கும் முதல், உலகச் சண்டை முடிந்த கையோடு பஞ்சக் காலம். ஒல்லாந்தில் கோப்பி மலிவு, இங்கே அதற்கு வரி. "நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடை முதலாளியம்மான்ரை தாய் பாவாடைக்குள்ளை கோப்பிக்கொட்டை கட்டிக்கொண்டு வாறவவாம். கோப்பி மணம் தெரியக்கூடாது எண்டு வெங்காயத்தையும் சேத்துக் கட்டுறதாம்" என்று சொல்லி நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். பிறகு ஆசியாவிலிருந்து மலிவுத் துணி வந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. புகைபோக்கி மட்டும் நின்றது.

அதற்குப் பிறகும் ஊர் சாகவில்லை. எல்லை சோறு போட்டது. லொறிகள் பத்திரம் காட்ட நிற்க வேண்டும். சுங்க அதிகாரிகளுக்குச் சம்பளம், பத்திரம் எழுதிக் கொடுக்கிற கந்தோர்களுக்கு வேலை, காத்துக் கிடக்கிற டிரைவர்மாருக்குச் சாப்பாடு. அப்படியொரு சாப்பாட்டுக் கடையின் குசினியில்தான் நீங்கள் உருளைக்கிழங்கு உரித்தீர்கள். குசினி யன்னலால் பார்த்தால் ஒல்லாந்துப் பக்கத்துத் தேவாலயத்தின் மணிக்கூடு தெரியும். "அந்த மணிக்கூட்டைப் பாத்துத்தான் நான் வேலை முடிக்கிறனான். ஒரு நாளும் கிட்டப் போய்ப் பாத்தது கிடையாது." உங்கள் அகதிக் கடதாசிக்கு மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. எல்லை கூப்பிடு தூரம். கால் வைத்தால் பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்று, அந்தப் பக்கத்து நடைபாதையில்கூட நீங்கள் நடந்ததில்லை.

பிறகு ஒரு வருடப் பிறப்போடு சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். அதை நீங்கள் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை. "பேப்பரிலை எல்லாம் போட்டிருந்தவங்கள் பிள்ளை. ஆனா ஒருத்தரும் நம்பேல்லை. நாங்கள் வழக்கம்போலை கிழங்கு உரிச்சு வைச்சம். லொறி வருது, நிக்கேல்லை. அடுத்தது வருது, நிக்கேல்லை. முதலாளியம்மா வாசலிலை நிண்டு கை காட்டுறா. தெரிஞ்ச பெடியள் ஹோர்ன் அடிச்சுப்போட்டுப் போறாங்கள். உரிச்ச கிழங்கு முழுக்க மிஞ்சிப் போச்சு." அந்த வாரம் முழுக்க உங்களுக்குக் கிழங்குக் கறிதானாம். அடுத்த மாதம் வேலையும் இல்லை.

எனக்கு அந்தக் கதை வயிற்றுக்குள் போய் இருந்துவிட்டது. இரண்டு பக்கமும் விலை வேறாக இருக்கிறவரைக்கும்தான் எல்லைக் கடை. ஒருநாள் காலையில் எங்கோ ஒரு கந்தோரில் ஒருவன் கையெழுத்துப் போட்டால், உரித்த கிழங்கோடு நாங்கள் நிற்போம். வீடு வங்கிக்குப் போய்விடும். இதை நான் சொன்னபோது உங்கள் தம்பி, "அக்கான்ரை கிழங்குக் கதையை வைச்சு என்ரை கடையை மூடப் பாக்கிறீர்" என்று கத்தினார். நீங்கள் சோபாவில் இருந்து எங்கள் இருவரையும் பார்த்தீர்கள். "கையெழுத்து வைக்க முதல் என்ரை டவுனை ஒருக்கா வந்து பாருங்கோ" என்றீர்கள். அந்தக் கோடையில் எங்கள் பிள்ளைகளை உங்கள் கணவரிடம் விட்டு, காரைக் கப்பலில் ஏற்றி, கீலில் இறங்கிப் புறப்பட்டோம்.

வழி முழுக்க என் கைப்பையை மடியில் வைத்திருந்தேன். கடவுச்சீட்டுகள், கார்ப் பத்திரம், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகூட. நீங்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கலியாணப் பதிவுத் துண்டு என்னத்துக்குப் பிள்ளை? வழியிலை ஆரும் உம்மைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லிக் கேப்பினமோ?" என்றீர்கள். உங்கள் தம்பி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். நீங்கள் பயமறியாதவர் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். இங்கே உதவிப்பணக் கந்தோரில் மேசையைத் தட்டிக் கதைக்கிற ஒரே தமிழ்ப் பெண் நீங்கள்தானே.

ஊர் நான் பயந்ததை விட மோசமாக இருந்தது. எல்லைத் தெருவில் கடை கடையாகப் பூட்டு. பத்திரம் எழுதின கந்தோரின் யன்னலில் காய்ந்த பூச்சாடி. நீங்கள் வேலை செய்த சாப்பாட்டுக் கடை இடையில் கம்பளம் விற்கிற இடமாகி, அதுவும் பூட்டிக் கிடந்தது. நீங்கள் குசினி யன்னலில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு திரும்பி வந்தீர்கள்.

தெரு முடிவில் ஒரே ஒரு கடையில் மட்டும் வெளிச்சம். பியர்ப் பெட்டிகள், சவர்க்காரத் தூள், பற்பசை. ஒல்லாந்து இலக்கத்தகட்டோடு நாலைந்து கார்கள். உள்ளே நின்றவள் முதலாளியம்மாவின் மகள். உங்களைக் கண்டு கத்திக்கொண்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். நீங்கள் இருவரும் ஜெர்மன் மொழியில் பொழிந்து தள்ளினீர்கள். இடையிடையே எங்களுக்குத் தமிழில் சொன்னீர்கள். முதலில் சிகரெட் விற்றாளாம், பிறகு பெற்றோல் நிலையமாம், இப்போது சோப்பாம். "அங்காலை எதுக்கு வரி ஏறுதோ அதை இவள் வைப்பாளாம். ஒவ்வொரு நாளும் காலமை அங்கத்தைப் பேப்பரைத்தான் முதல் படிக்கிறதாம்."

பார்த்தீர்களா மச்சாள், இந்த இடத்தில்தான் எனக்கும் உங்கள் தம்பிக்கும் ஊர் இரண்டானது. இவள் வாழ்நாள் முழுக்க நிம்மதியாக ஒரு நாள் படுக்கவில்லை என்று என் காதில் விழுந்தது. இவளுக்கு விற்க எப்போதும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது என்று அவர் காதில் விழுந்தது. நீங்கள் சொன்னது ஒன்றுதான்.

பிறகு, மற்றப் பக்கம் போய் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிடுவோம் என்று இவர் காரை எடுத்தார். தெருவைக் கடந்து எல்லையில் பழைய சுங்கச் சாவடியின் கூரை வந்தது. கண்ணாடிக் கூண்டு வெறுமை, உள்ளே ஒரு உடைந்த கதிரை. இவர் காரை மெதுவாக்கினார். பட்டப்பகலில் காருக்குள் லைட்டைப் போட்டார். நிறுத்தினார். எங்கள் ஊரில் ஆமிக்காரனின் தடைமுகாமில் செய்வது போலவே. நானும் பைக்குள் கையை விட்டுக் கடவுச்சீட்டுகளை வெளியே எடுத்துவிட்டேன். மூன்று பேருக்கும் நோர்வேக் கடவுச்சீட்டு. கேட்க ஒரு நாய்கூட இல்லை.

நான் சிரிக்கலாம் என்று திரும்பினேன். நீங்கள் என் கையிலிருந்து உங்களுடையதை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கிவிட்டீர்கள். ஊரில் பஸ்ஸை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து போய், மற்றப் பக்கத்தில் ஏறுவோமே, அப்படி இறங்கினீர்கள். கடவுச்சீட்டை விரித்துப் பிடித்தபடி அந்தக் கூண்டின் முன்னால் நின்றீர்கள். பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்து விலத்திக்கொண்டு போனது.

"அக்கா, அங்கை ஒருத்தரும் இல்லை. ஏறுங்கோ" என்றார் உங்கள் தம்பி.

"தெரியுமடா" என்றீர்கள். ஏறவில்லை.

நான் இறங்கி வந்து உங்கள் முழங்கையைப் பிடித்தேன். மச்சாள், அது நடுங்கியது. காய்ச்சல்காரரின் கை நடுங்குவது போல, விடாமல். நீங்களே பயந்தால் நான் எங்கே போவது? "திரும்பிப் போவம் மச்சாள், பேந்து ஒருக்கா வருவம்" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. தெருவையே பார்த்தபடி, "பயமாத்தான் கிடக்கு. நடவும்" என்றீர்கள்.

நடந்தோம். உங்கள் தம்பி, ஊரில் பஸ் பின்னால் வருவது போல, காரை உருட்டிக்கொண்டு வந்தார். தேவாலயத்தின் கீழ் போய் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். "ஐயோ, இவ்வளவு சின்ன மணிக்கூடோ" என்றீர்கள். "இதைப் பாத்தோ நான் அந்தப் பயம் பயந்து ஓடி ஓடி வேலை செய்தனான்?" உங்கள் முகம் முழுக்கக் கண்ணீர். பிறகு பொரியல் வாங்கி, என்னுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டீர்கள்.

திரும்பி வரும்போது கப்பலில் நாங்கள் இருவரும் சண்டை. பூட்டின கடைகளை நான் சொல்ல, வெளிச்சம் எரிந்த கடையை இவர் சொல்ல, நியாயம் கேட்டு உங்களிடம் வந்தோம். "நான் ஊரைக் காட்டினனான். மிச்சம் உங்கடை பாடு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. நான் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, "உங்கடை அக்காவே காட்டினவா" என்று சொல்லிச் சொல்லிக் கடையைத் தடுத்தேன். அடுத்த வருடம் உங்களுக்கு வருத்தம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் உங்களருகே இருந்தபோது அன்றைக்கு உங்கள் மனதில் இருந்தது எது என்ற கேள்வி பல தடவை வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் கடைக் கதையா என்று விட்டுவிட்டேன்.

நேற்று வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடந்தபடி அந்தப் பயணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் பூட்டின கடைகளோடு நின்றுவிடுகிறேன். அதற்குப் பிறகு நாங்கள் எல்லையை நடந்து கடந்ததை இத்தனை நாளும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உங்கள் முழங்கையின் நடுக்கம் என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது, மச்சாள். அது நின்ற பிறகு நீங்கள் நடக்கவில்லை. நடுங்க நடுங்கத்தான் நடந்தீர்கள்.

இன்றைக்கு விடிய முதல் எழும்பி இவ்வளவும் எழுதினேன். காலையில் இவர் கோப்பையைக் கழுவப் போக, கையிலிருந்து பறித்தேன். "வீட்டை ஈடு வைக்க விடமாட்டன். பஸ்ஸையும் விட விடமாட்டன். சேர்த்து வைச்சதிலை போடக்கூடியதைப் போட்டு, சின்னப் பங்காக் கேளுங்கோ. சனி ஞாயிறு நானும் வந்து கல்லாவிலை இருக்கிறன். ஒவ்வொரு நாளும் காலமை ஸ்வீடன் பேப்பரையும் நானே படிக்கிறன்" என்றேன்.

மனிதர் என்னை ஏதோ நோய் வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உமக்குப் பயமில்லையோ?"

"பயமாத்தான் கிடக்கு" என்றேன். "காரை எடுங்கோ. போய் அந்த மனிசனோடை நேரிலை கதைப்பம்."

கீழே நின்று ஹோர்ன் அடிக்கிறார், மச்சாள். பேனை பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. போகிறேன்.