ஸ்டீயரிங்கை உரிச்சாச்சு, சாவி தர மாட்டேன்

சேலையூர்
சனிக்கிழமை மத்தியானம்

அன்பு மகன் பென்னிக்கு,

அம்மா எழுதறேன். ஆண்டவர் கிருபையில நான் சுகம், சுகர் சொன்ன பேச்சைக் கேக்குது, முட்டி வலி மட்டும் மேகம் கறுத்தா வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது. பெர்த்துல நீயும் ரேஷ்மாவும் குட்டி ஏமியும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு காலையிலயும் ராத்திரியும் ஜெபத்துல கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். தினம் வாட்ஸ்அப்ல மூஞ்சி பாக்கிற அம்மா திடீர்னு பேப்பர்ல எழுதறாளே, புத்தி கித்தி பிசகிடுச்சான்னு பயப்படாதே. போன்ல நீ என்னைப் பேசவே விடறதில்லை, அம்மா முதல்ல நான் சொல்றதைக் கேளுங்கன்னு ஆரம்பிப்பே, நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள உனக்கு மீட்டிங் வந்துடும், நான் வாயை மூடிக்கிட்டு வைக்கணும். பேப்பர்ல குறுக்கே பேச முடியாது பார், அதான். எழுதி முடிச்சு போட்டோ பிடிச்சு அனுப்பறேன், பேப்பர் பின்னாடி தபால்ல வரும். உக்காந்து கடைசி வரைக்கும் படி.

போன வாரம் நீ போன்ல உத்தரவு மேல உத்தரவா போட்டே. அப்பா வண்டியை நான் இனிமே எடுக்கவே கூடாது, கவர் போட்டு மூடி நிறுத்திடணும். ஸ்டீயரிங்கை யாரும் தொடக்கூடாது, உரியற தோலைக்கூட அப்படியே விட்டுடணும், அது அப்பா கை பட்டுத் தேஞ்ச இடம். நாளைக்கு ஆராதனை முடிஞ்சு மோகன்ராஜ் சித்தப்பா வீட்டுக்கு வருவார், சாவியை அவர் கையில குடுத்துடணும். எல்லாத்துக்கும் சேத்து என் பதில் ஒண்ணுதான், முடியாது. கோவிச்சுக்காதே ராஜா. கோவிச்சுக்கிட்டாலும் சரி. தாம்பரம் ரிசர்வேஷன் கவுன்ட்டர்ல ரிட்டையர் ஆகிற வரைக்கும் உக்காந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டிக்கெட் கிடைக்காதவங்க போட்ட சத்தத்தை எல்லாம் வாங்கினவ நான், நீ போடற சத்தத்துக்கு அசர மாட்டேன்.

சித்தப்பா உனக்கு என்ன சொன்னாரோ தெரியாது, நடந்ததை நான் சொல்றேன். முதல் ஞாயிறு, திருவிருந்து, வழக்கம்போல வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு வண்டியிலதான் போனேன். எப்பவும் சர்ச் வாசல்ல நிறுத்த மாட்டேன், ஸ்கூல் சுவரோரம் நிறுத்திட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நடந்து வருவேன், கையையும் குழாயடியில கழுவிடுவேன். அன்னைக்கு நேரமாயிடுச்சு, வெயில் வேற, ஓடி வந்து உக்காந்துட்டேன், கழுவ மறந்துட்டேன். பீடத்துக்கு முன்னாடி முழங்கால் போட்டு கையை ஏந்தறேன், ரெண்டு உள்ளங்கையும் அட்டக்கரி! அந்த ஸ்டீயரிங் தோல் பொருக்குப் பொருக்கா வேர்வையில ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆயர் அப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் என் மூஞ்சியைப் பாத்தார், பாவம், அடுப்பு கழுவிட்டு நேரா வந்துட்டேன்னு நினைச்சிருப்பார். வச்சுட்டு அடுத்தவங்ககிட்ட போயிட்டார். ஆனா பக்கத்துல முழங்கால் போட்டிருந்தது உன் சித்தப்பா. எழுந்திரிக்கும்போது புடவை முந்தானையில என் அஞ்சு விரலும் அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. வெளியே வந்ததும், அண்ணி, இது என்ன கரின்னு கேட்டார். ஜெப நாள்ல கர்த்தர் சன்னதியில நின்னுக்கிட்டு பொய் சொல்ல முடியுமா, வண்டி ஓட்டிட்டு வந்தேன் தம்பின்னு சொன்னேன். எந்த வண்டின்னார். உங்க அண்ணன் வண்டின்னேன். மனுஷன், நீங்களான்னு சத்தமாவே கேட்டுட்டார். ஆராதனை விட்டு வந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க, பாக்கட்டுமே, எனக்கென்ன வந்துச்சு.

இப்ப நீ கேட்பே, எப்ப கத்துக்கிட்டீங்கன்னு. அப்பா போனது பிப்ரவரியில, நான் ஜூன்லயே கேம்ப் ரோடுல டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டேன். முதல் தடவை டெஸ்ட்ல ஃபெயில், ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டிட்டேன், ரெண்டாவது தடவை பாஸ். ஏன் சொல்லலைன்னா, சொன்னா நீ வேண்டாம்பே. உங்க அப்பாவும் அதைத்தான் சொன்னார். வண்டி வாங்கின புதுசுல ஆசையா கேட்டேன், உனக்கு எதுக்கு சாரா, நான்தான் இருக்கேனேன்னார். நல்ல மனுஷன், எங்கே கூப்பிட்டாலும் முகம் சுளிக்காம கூட்டிட்டுப் போனார், அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா இத்தனை வருஷத்துல ஒரு நாள் அந்த ஸ்டீயரிங்ல என் கையை வைக்க விட்டதில்லை, டாப் மாடல், லெதர், அழுக்காயிடும்பார். நான் இருக்கேன் நான் இருக்கேன்னார், இப்ப இல்லையே. அதுக்கப்புறம் ஆட்டோக்காரர் மூஞ்சியைப் பாத்து, ஆப்ல வண்டி போட்டு, வரேன்னு சொல்லி கேன்சல் பண்றவங்களுக்காக வெயில்ல நின்னு, உன் சித்தப்பாகிட்ட தம்பி கொஞ்சம் கொண்டு போய் விடறீங்களான்னு கெஞ்சி, அவர் பாக்கலாம் அண்ணின்னு இழுத்து, போதும்டா சாமி. அடுத்த வீட்டு ரத்தினபாய் அக்கா விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுதே, புதன்கிழமை தோறும் காட்டாங்குளத்தூருக்கு பிசியோதெரபிக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போறது யாருன்னு நினைச்சே? நான்தான். பெருங்களத்தூர் பாலம் எனக்கு இப்ப சமையல்கட்டு மாதிரி. நீ அப்பாவோட வருஷ ஜெபத்துக்கு வந்தப்போ வண்டி ஒரே சாவியில ஸ்டார்ட் ஆனதும், ஒரு வருஷமா நிக்கிற வண்டிக்கு பாட்டரி எப்படிம்மா உயிரோட இருக்குன்னு கேட்டே ஞாபகம் இருக்கா? நான் பதில் சொல்றதுக்குள்ள, சித்தப்பா வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறார் போலன்னு நீயே முடிவு பண்ணி அவர் கையைப் பிடிச்சு தேங்க்ஸ் சொன்னே. அவரும் அதனால என்ன தம்பின்னு வாங்கிக்கிட்டார்! நான் காபி கலக்கப் போயிட்டேன், இல்லைன்னா சிரிச்சிருப்பேன்.

அந்தத் தோல் விஷயத்துக்கு வரேன். அது ஏற்கெனவே வெயில்ல வெந்து, கொரோனா காலத்துல அப்பா சானிடைசரைத் தண்ணியா ஊத்தினதுல மேல் பூச்சு பிசுபிசுன்னு போயிருந்துச்சு. நான் ஓட்ட ஆரம்பிச்சதும் இன்னும் மோசம். கையெல்லாம் கரி, மூக்கைத் தொட்டா மூக்கு கரி, ரத்தினபாய் அக்கா கன்னத்துல தட்டினா அவங்களும் கரி. அதோட போச்சா, வேர்த்த கைக்கு ஒரு பக்கம் ஒட்டுது ஒரு பக்கம் வழுக்குது, திருப்பத்துல பிடியே நிக்கலை. சீட் கவர் கடையில ரப்பர் உறை ஒண்ணு மாட்டிவிட்டாங்க. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல திரும்பறேன், உறை மட்டும் என் கையோட சுத்துது, உள்ளே ஸ்டீயரிங் சும்மா நிக்குது! முன்னாடி தண்ணி லாரி. இயேசுவேன்னு பிரேக்ல ஏறி நின்னேன். லாரிக்காரர் இறங்கி வந்து, இன்னாம்மா, வூட்டுல சொல்லிக்கினு வந்துட்டியான்னு கேட்டார். வீட்டுல நான்தான் இருக்கேன், எனக்கே சொல்லிட்டுதான் வந்தேன்னேன், அவரே சிரிச்சுட்டு வழி விட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த உறையைக் கழட்டி குப்பையில போட்டேன். இதை உன்னைப் பயமுறுத்த எழுதலை. நீ தொடாதே தொடாதேங்கிறியே, அந்தப் பழைய தோலை அப்படியே விட்டா ஒரு நாள் உண்மையிலேயே முட்டிக்குவேன், அது புரியட்டும்னு எழுதறேன்.

அதனால ஆன்லைன்ல நிஜத் தோல் வாங்கினேன், ஸ்டீயரிங் அளவுக்கு வெட்டி, ஓரத்துல ஓட்டை போட்டு, ஊசி நூலோட வருது, நாமே சுத்தித் தைக்கணும். கறுப்பும் இருந்துச்சு, நான் மெரூன் வாங்கினேன். அப்பாவுக்கு மெரூன் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். சித்தப்பா சாவி கேட்டு வரார்னு தெரிஞ்சதும் வியாழக்கிழமையே உக்காந்துட்டேன். பழைய தோலைக் கத்தியால கீறி உரிச்சு, பிசினைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துடைச்சுக் காய வச்சு, நேத்து தைச்சு முடிச்சேன். ரத்தினபாய் அக்கா பக்கத்து சீட்டுல உக்காந்து தோல் நழுவாம இழுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க, நடுவுல நடுவுல, சாரா, உன் மகன் கேட்டா என்ன சொல்லுவேன்னு புலம்பல் வேற. விரல்ல ஊசி ஏறி ரத்தம் வந்துச்சு, கீழ்ப்பக்கம் தையல் கொஞ்சம் கோணல். இருக்கட்டும், நான் தைச்சது. இன்னைக்குக் காலையில கேளம்பாக்கம் வரைக்கும் போயிட்டு வந்தேன், கை அப்படியே நின்னுச்சு, கரியும் இல்லை ஒண்ணும் இல்லை.

பென்னி, இனிமே நான் எழுதறது உனக்குக் கஷ்டமா இருக்கும், ஆனா தெரிஞ்சாகணும். வருஷ ஜெபத்துக்கு வந்தப்போ அந்த ஸ்டீயரிங்கை போட்டோ எடுத்தே. கீழே ரெண்டு பக்கமும் தோல் போய் சாம்பல் கலரா தெரியற இடத்தைக் கிட்டப் போய் எடுத்து, அப்பாவின் கைகள்னு எழுதி, அங்கே போய் பெரிசா பிரின்ட் போட்டு உன் வீட்டு ஹால்ல மாட்டினே. குடும்ப குரூப்லயும் போட்டே. எல்லாரும் அழுதாங்க, சித்தப்பா ஒரு பாட்டே எழுதிப் போட்டார். உங்க அப்பா உசரம், அவர் ஸ்டீயரிங்கை மேலேதான் பிடிப்பார், உச்சியில வலது கையை மணிக்கட்டோட தொங்கப் போட்டு ஓட்டுவார், இடது கை எப்பவும் கியர் மேல. நீ பின் சீட்டுல வளந்தவன், கண்ணை மூடி யோசிச்சுப் பார், தெரியும். அவர் தேய்ச்ச இடம் உச்சியில ஒரு கை அகலம், அது உன் போட்டோவுல வரவே இல்லை. நான் குள்ளம், குஷன் போட்டு உக்காந்தும் கை கீழேதான் எட்டும். நீ மாட்டி வச்சிருக்கிற தேய்மானம் என்னோடது. என் வேர்வை, நான் கைக்குத் தடவற தேங்காண்ணெய். அன்னைக்கே சொல்லியிருப்பேன், நீ அழுதுக்கிட்டு இருந்தே, மனசு வரலை. உச்சியில அந்த இடத்தை உரிக்கும்போது நானும் அழுதேன்டா. கத்தியைக் கீழே வச்சுட்டு, அவர் பிடிக்கிற மாதிரி ஒரு தடவை எட்டிப் பிடிச்சுப் பாத்தேன், தோள் வலிச்சுது. அப்புறம் கத்தியை எடுத்துட்டேன். அழுதுக்கிட்டேதான் உரிச்சேன். உனக்கு அவர் ஞாபகம் வேணும், எனக்கும் வேணும். ஆனா நீ பெர்த்துல இருந்துக்கிட்டு வண்டியைக் கல்லறை ஆக்கச் சொல்றே, நான் இங்கே புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்த உச்சித் துண்டை மட்டும் பவுடர் போட்டு ஒரு டப்பாவுல வச்சிருக்கேன், கிறிஸ்மஸுக்கு வரும்போது எடுத்துக்கோ. வண்டி என்னோடது.

இன்னொண்ணு. ரேஷ்மா அன்னைக்கு பேச்சுவாக்குல சொன்னா, அங்கே லைசென்ஸ் எடுக்கணும்னு ஆசையாம், நீதான் எதுக்கு, நான் கொண்டு போய் விடறேனேன்னு சொல்றியாம். உங்க அப்பா சொன்ன அதே வார்த்தைடா, அதே குரல். சனிக்கிழமை சனிக்கிழமை ஏமியை நீ பாத்துக்கோ, அவ கிளாசுக்குப் போகட்டும். பணத்துக்கு யோசிச்சா சொல்லு, என் பென்ஷன்ல இருந்து நான் அனுப்பறேன்.

மத்தபடி இங்கே விசேஷம் ஒண்ணும் இல்லை. மாடித் தொட்டி கழுவியாச்சு. பின்பக்கம் முருங்கை காத்துல முறிஞ்சு விழுந்துச்சு, தெருவே ரெண்டு நாள் சாம்பார் வச்சுது. நீ குளிர்ல காதை மூடாம போகாதே, ஏமிக்கு தலைக்கு எண்ணெய் வைங்க. நாளைக்கு சித்தப்பா வந்தா நல்லா சாப்பாடு போட்டு அனுப்பறேன், மட்டன் சொல்லி வச்சிருக்கேன். சாவியைக் கேட்டா, வாங்க தம்பி, நானே உங்களை வீட்டுல இறக்கிவிடறேன்னு சொல்லப் போறேன். பின் சீட்டுலதான்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் போக்கிலும் வரத்திலும் காக்கட்டும், உன் கையின் வேலையெல்லாம் ஆசீர்வதிக்கட்டும். கிறிஸ்மஸுக்கு ஏர்போர்ட்ல டாக்சி சொல்லிடாதே, மெரூன் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வெளியே நிப்பேன். ஹால்ல இருக்கிற போட்டோவைக் கழட்டிடாதே. அது அப்படியே இருக்கட்டும், நல்லாதான் எடுத்திருக்கே. கீழே எழுதியிருக்கிற பேரை மட்டும் மாத்திடு.

முத்தங்களுடன்,
உன் அம்மா
சாராள் லாசரஸ்