மழைமானிக்கு மேலே வேப்பங்கிளை

என் அன்பு மழைக்கார வாத்தியாருக்கு,

நேற்று புதுக்கோட்டையில் கொட்டித் தீர்த்துவிட்டது. இன்று காலை எட்டரைக்கு மழைமானித் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பிடித்தால் திட்டுவீர்களே, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இரண்டு இடத்தில் அளந்தேன். ஏன் இரண்டு என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் நம் கொல்லையில் மழையை அளந்து, கோடு போட்டு, "நம்மூர்ல மழை குறைஞ்சுக்கிட்டே வருது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் காத்திருந்தால் அவரையும் விட்டதில்லை. உங்கள் நினைவுநாளுக்கு அதை மலராக அச்சடிக்கப் போவதாக நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளியில் சொன்னார்கள். நம் மகள் கயல் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தாள்.

குடுமியான்மலை, கந்தர்வகோட்டை மழைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா, அங்கிட்டெல்லாம் ஒரு வருஷம் கொட்டுது, ஒரு வருஷம் காயுது. ஏத்த எறக்கம்தான் கூடியிருக்கு, மொத்தத்துல குறையல. நம்ம வீட்டுக் கோடு மட்டும் எறங்கிக்கிட்டே போகுது. அப்பா தப்பா அளந்திருப்பாரோ?"

"உங்கப்பாவா? ஒரு சொட்டு சிந்துனாக்கூட அன்னைக்கு முழுக்க மனுசன் சரியாச் சோறு திங்கமாட்டாரு!" என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு பேரும் கொல்லைக்குப் போனோம். கயல் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அடக் கடவுளே!

துணிக்கொடியைக்கூட மழைமானிப் பக்கம் வரவிடாத மனிதர் நீங்கள். கயல் பிறந்த வருஷம் உங்கள் கையால் நட்ட வேம்பு, அதற்கு நேர் மேலே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. தினமும் அதன் கீழேதான் குனிந்தீர்கள். ஒருநாளாவது நிமிர்ந்து பார்க்கக் கூடாதா, என் ராசா? நானுந்தான் பார்க்கவில்லை. கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது யாருக்குத் தெரிகிறது? கயல் வளர்ந்ததே நமக்கு எங்கே தெரிந்தது?

முதலில் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் அளக்க வேண்டும் என்று எந்தக் கல்யாண வீட்டிலும் ஒரு ராத்திரி தங்காத மனிதர். என் தம்பி கல்யாணத்தில்கூடத் தாலி கட்டி முடித்ததும் பஸ் ஏறிவிட்டீர்கள். அத்தனை பாடும் மண்ணாய்ப் போயிற்றா? மலர் அப்படியே வரட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கயல்தான் வழி சொன்னாள். "மரத்த வெட்டிராதம்மா. வாசப்பக்கம் வெட்டவெளியில இன்னொரு மழைமானி வைப்போம். ரெண்டையும் சேத்து அளந்தா மரம் எவ்வளவு பிடிச்சுக்கிருதுன்னு தெரிஞ்சிரும். அத வச்சு அப்பா கணக்க ஓரளவு சரிபண்ணிரலாம்."

மலரை நிறுத்தச் சொன்னபோது தலைமையாசிரியர் தயங்கினார். "சார் பேருக்கு ஒண்ணும் ஆயிராதுங்களாம்மா?"

"விடை தப்புன்னா அடிச்சிட்டுத் திரும்பப் போடுன்னு அவருதாங்க சொல்லிக்கொடுத்தாரு" என்றேன்.

இன்று வாசல் குவளையில் தண்ணீர் கூடுதல், கொல்லைக் குவளையில் குறைவு. குறைவைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. நீங்கள் ஒரு சொட்டுக்கூடத் தப்பாக அளக்கவில்லை. மிச்சத்தை உங்கள் மரம் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த வேம்பில் யாரும் கைவைக்க விடமாட்டேன். இந்தக் கை குவளையை நடுங்காமல் பிடிக்கிறவரை இரண்டு இடத்திலும் அளப்பேன். அடுத்த மாதம் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டியதும் பஸ் ஏறிவிடுவேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்களைப் போலவே ஆகிவிட்ட
உங்கள் மனைவி,
தனம்